வதந்தி கிளம்புவதற்கு முன்

2023 மார்ச் மாதத்தின் முதல் நாட்களில் பீகார் கிராமங்களின் கைப்பேசிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பிணங்கள் வந்துகொண்டிருந்தன. வெட்டுப்பட்டவர், தூக்கில் தொங்கியவர், தெருவில் துரத்தி அடிக்கப்பட்டவர். எல்லாருமே தமிழ்நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள், இந்தி பேசியதற்காகவே கொல்லப்பட்டவர்கள் என்று காணொளிகளோடு செய்தியும் சேர்ந்து வந்தது. பிள்ளையைத் திருப்பூருக்கும் கோவைக்கும் அனுப்பிவிட்டு ஊரில் இருந்த தாய்மார்கள் போனைக் கீழே வைக்கவில்லை. "வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கிளம்பி வா."

அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டம் வருடா வருடம் ரயில் நிலையத்தில் நிற்பதுதான். அந்த முறை அந்தக் கூட்டத்தின் படமே "உயிர் தப்பி ஓடுகிறார்கள்" என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. உண்மையிலேயே பயந்து கிளம்பியவர்களும் அதே நடைமேடையில் நின்றார்கள்.

அப்போதைய தமிழ்நாடு காவல் துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு உடனே மறுப்பு வெளியிட்டார். சுற்றிய இரண்டு காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது என்றார். செய்தி சரிபார்க்கும் தளங்கள் தேடியபோது மற்ற சில காணொளிகள் வேறு மாநிலங்களில் எடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பிப் பார்த்தது. வழக்குகள் பதிவாயின, கைதுகள் நடந்தன.

இந்த அத்தியாயத்துக்கு முக்கியமானது அந்தக் குவியலில் இருந்த வேறொரு காணொளி. தலையிலும் கையிலும் கட்டுப் போட்டுக்கொண்ட இருவர், தமிழ்நாட்டில் தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். அது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடிக்க வைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. "பாதிக்கப்பட்டவரே பேசட்டும், அவர் குரலில், அவர் முகத்தோடு, கைப்பேசியில்" என்று நாம் இந்த நூல் முழுக்கச் சொல்லிவருகிறோம். பொய் சொன்னவர்களும் அதே பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

ஆகவே நேரில் ஒருவர் பேசுகிறார் என்பதாலேயே எதுவும் உண்மையாகிவிடாது. கண்ணீரும் சாட்சி ஆகாது. கண்ணீரில் போட்டி என்றால் பொய்தான் ஜெயிக்கும், அதற்கு அளவு கிடையாது. நம் கையில் இருப்பது வேறு மூன்று. சரிபார்க்கக்கூடிய சாதாரண விவரம், பேசுகிறவரை ஏற்கெனவே தெரிந்த கேட்பவர்கள், வதந்தி வருவதற்கு முன்பே தொடங்கிய பழக்கம். இந்த மூன்றையும் எப்படிக் கட்டுவது என்பதுதான் இனி வரும் பக்கங்கள்.

மறுப்பு ஒரு வேலை, கதை ஒரு வேலை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "இந்தக் காணொளி பொய்" என்று நிறுவுவது கதை சொல்பவரின் வேலை அல்ல. அதற்குச் சரிபார்ப்பு என்ற தனித் தொழில் இருக்கிறது. காணொளியை நிறுத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டு, அந்தப் படம் முதலில் எங்கே எப்போது வந்தது என்று பார்ப்பார்கள். கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் நம்பர் பிளேட், சீருடையின் நிறம் எல்லாவற்றையும் கவனிப்பார்கள். தமிழில் யூடர்ன், இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஆல்ட் நியூஸ் போன்றவை இதைச் செய்கின்றன. உங்கள் குழுவுக்கு ஒரு காணொளி வந்தால் முதல் வேலை அதை அவர்களிடம் சேர்ப்பது. இரண்டாவது, நீங்கள் யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாமல் இருப்பது. "இது பொய், நம்பாதீர்கள்" என்று மேலே எழுதி அனுப்புவதும் ஃபார்வேர்டுதான். கீழே இருக்கும் படம் தன் வேலையைச் செய்துவிடும். மேலே இருக்கும் எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

சரிபார்ப்பின் பலம் அதன் துல்லியம். அதன் பலவீனம், அது அந்நியர் ஒருவரின் குரல். பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் ஒரு அம்மாவுக்குச் சென்னையில் இருக்கும் அதிகாரியும் தெரியாது, சரிபார்ப்புத் தளமும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அவர் மகனின் குரல். கதை வேலை செய்யும் இடம் அந்த இடைவெளி.

யாருக்காக?

பயிற்சிக்கு வருபவர்கள் இந்தக் கேள்விக்கு "எல்லாருக்கும்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லாருக்குமாக எடுத்த காணொளியை யாரும் முழுக்கப் பார்ப்பதில்லை.

2023இன் வதந்தி தமிழர்களுக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. அது இந்தியில் இருந்தது, பீகாருக்கும் ஜார்கண்டுக்கும் போனது, அங்கே வீட்டையும் அரசியலையும் கலக்கியது. தமிழில் எத்தனை மறுப்பு எழுதினாலும் அங்கே போய்ச் சேராது. அதிகாரிகள் இந்தியில் பேசிக் காணொளி வெளியிட்ட பிறகுதான் மறுப்பு அந்தப் பக்கம் நகர்ந்தது. அங்கும் இந்தி போதாது. வீட்டில் பேசுவது மைதிலி, போஜ்புரி, மகஹி. ஒரு மகன் அம்மாவிடம் செய்தி வாசிப்பவரின் இந்தியில் பேசினால், பின்னால் யாரோ காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. அதே ஆண்டு ஜனவரியில், திருப்பூரில் ஒரு சிறு தகராறில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் காணொளி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. ஒரு தெருச் சண்டை, "வடக்கன் நம்மை அடிக்கிறான்" என்ற பெரிய கதையானது. பிப்ரவரியில், ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் அடித்து அவமானப்படுத்தும் காணொளி வந்தது. அது உண்மை, ரயில்வே போலீஸ் அவரைக் கைது செய்தது. மார்ச் மாதத்துப் பொய் வெறும் தரையில் முளைக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் 2018. வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்ற வாட்ஸ்ஆப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த முதிய பெண் ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அவர் சென்னைக்காரர், தமிழர். வெளியூர்க்காரர் மேல் கிளப்பிவிடும் பயம் வெளியூர்க்காரரோடு நிற்பதில்லை. நாடெங்கும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான் அந்த ஆண்டு வாட்ஸ்ஆப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது.

ஆக, குறைந்தது இரண்டு கேட்பவர்கள்: ஊரில் இருக்கும் குடும்பம், இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கும் தமிழர். இருவருக்கும் ஒரே காணொளி போதாது. குடும்பத்துக்கு வேண்டியது "பத்திரமாக இருக்கிறேன்" என்பதன் அன்றாட ஆதாரம். பக்கத்துத் தெருவுக்கு வேண்டியது "இவர் யார்" என்ற அறிமுகம். இந்த இரண்டாவதைத் தொழிலாளிதான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. லைன் வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா தன் வாடகைக்காரரைப் பற்றிப் பேசலாம். மளிகைக் கடைக்காரர் பேசலாம். பனியன் கம்பெனித் தையல் வரிசையில், பவர் டேபிளில் பக்கத்தில் உட்காரும் தமிழ்ப் பெண் பேசலாம். தன்னைத் தானே விளக்கிக்கொண்டே இருக்கும் பாரம் எப்போதும் வந்தவர் தலையில்தான் விழுகிறது. அதில் பாதியை இருப்பவர் சுமக்கட்டும்.

கேட்கும் முறை

கணினி வழிக் கதைசொல்லலை ஒரு பயிற்சி முறையாக 1990களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி போன்றவர்கள் உருவாக்கினார்கள். இன்று ஸ்டோரிசென்டர் என்று அறியப்படும் அமைப்பு அங்கிருந்து வளர்ந்தது. இரண்டு மூன்று நிமிடம், சொந்தக் குரல், கையில் இருக்கும் சில படங்கள், அவ்வளவுதான் வடிவம். அந்த முறையில் நான் மிகவும் மதிப்பது கதை வட்டம். கேமராவை எடுப்பதற்கு முன் ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. பேசுகிறவருக்குத் தன் கதை எது என்று தெரிய வருவது பெரும்பாலும் மற்றவர் கேள்வி கேட்கும்போதுதான்.

திருப்பூரில் இதற்குச் சரியான நேரம் ஞாயிறு மதியம். துணி துவைத்து, கறி சமைத்துச் சாப்பிட்டு, ஊருக்குப் போன் பேசி முடித்த நேரம். வேலை நாளில் கூப்பிட்டால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவரிடம் தூக்கத்தைத்தான் திருடுவீர்கள். இடம் அவருடைய அறையாக இருக்கட்டும். கம்பெனியில் வேண்டாம். அங்கே பையரின் லேபிளும் ஆர்டரும் கேமராவில் விழும். விழுந்தால் வேலைக்கே ஆபத்து. காண்ட்ராக்டர் கூட இருக்கக் கூடாது. "நானும் இருக்கிறேனே, சும்மா" என்று அவர் நின்றால் அன்றைக்குப் பதிவை ஒத்திவைத்து டீ குடித்துவிட்டு வாருங்கள்.

"உங்கள் கஷ்டங்களைச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். பத்திரிகைக்காரர், தொண்டு நிறுவனத்துக்காரர், சர்வே எடுப்பவர் எல்லாரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். பதிலும் தயாராக இருக்கும். சின்னதாகக் கேளுங்கள். முதல் நாள் ஸ்டேஷனில் இறங்கியபோது யார் கூட்டிப்போக வந்தார்? முதல் வாரச் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? இங்கே கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் எது? அது பெரும்பாலும் ஒரு திட்டாக இருக்கும், எல்லாரும் சிரிப்பார்கள், அங்கிருந்து பேச்சு ஓடும். "அண்ணா, இதெல்லாம் ரெக்கார்டு பண்ணாதீங்க" என்று அவர் சொல்லும் இடத்தில் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள், அவர் பார்க்கும்படி.

இரண்டு மாதிரிகள்

இவை பயிற்சிக்காக எழுதியவை. யாருடைய கதையும் அல்ல. தமிழில் தருகிறேன். பேசுகிறவர் தன் மொழியில் பேசுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதிரி: "வணக்கம். நான் திருப்பூரில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தமிழ்நாட்டு மக்கள் மிகவும் நல்லவர்கள். எங்களுக்கு இங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை. யாரும் வதந்திகளை நம்ப வேண்டாம். நன்றி."

இரண்டாவது: "அம்மா, நான்தான். மணி ஒன்பதரை ஆச்சு, இப்பத்தான் ரூமுக்கு வந்தேன். நாலு பேர்ல ஒருத்தன் சப்பாத்தி உருட்டுறான், இன்னைக்கு என் முறை இல்லை. ரூம்ல கரண்ட் பில்லுக்கு ஓனர் தனியா போடுறார், போன மாசத்தைவிட ஜாஸ்தி, அதுல எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். கீழே மளிகைக் கடையில முந்நூறு ரூபா பாக்கி இருக்கு, சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அதைக் குடுத்துட்டு மீதி அனுப்புறேன். ஹோலிக்கு வரலை. தங்கச்சி பரீட்சை முடிஞ்சதும் வர்றேன்."

முதல் மாதிரியில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கேட்கிற எவருக்கும் கம்பெனி மேனேஜர் ஒருவர் ஓரமாக நிற்பது தெரிகிறது. அந்த மார்ச்சில் இந்த மாதிரிக் காணொளிகளும் சுற்றின. நல்ல எண்ணத்தில் எடுத்தவைதான். "எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று யாருடைய அம்மாவும் நம்ப மாட்டார். பிரச்சினை இல்லாத வாழ்க்கை அவருக்குத் தெரியாது.

இரண்டாவது மாதிரியில் தமிழர்களைப் பற்றி ஒரு பாராட்டும் இல்லை. ஓனரோடு சண்டைகூட இருக்கிறது. ஆனால் வாக்குவாதம் செய்கிற தைரியம் இருக்கிறது. கடன் கொடுக்கிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். இரவு ஒன்பதரைக்குத் தெருவில் நடந்து அறைக்கு வரமுடிகிறது. பரீட்சை முடிந்து வரும் திட்டம் இருக்கிறது. கொலை நடக்கும் ஊரில் யாரும் மளிகைக் கடையில் பாக்கி வைப்பதில்லை. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை; கேட்பவர் தானே கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்கிறார். தானாகப் போட்ட கணக்கை வேறொருவர் வந்து அழிப்பது கடினம்.

எனவே குறையை வெட்டாதீர்கள். எடிட் செய்ய உட்காரும் தன்னார்வலரின் கை முதலில் போகும் இடம் அதுதான்: "இந்தக் கரண்ட் பில் விஷயம் தேவையா? தப்பாக எடுத்துக்கொள்வார்களே?" தேவை. ரயிலில் யாராவது கேவலமாகப் பேசியிருந்தால் அதுவும் இருக்கட்டும். வதந்தியை எதிர்ப்பது என்பது ஊருக்கு நற்சான்றிதழ் எழுதுவதல்ல. அதேபோல், பேசுகிறவர் தனக்கு நற்சான்றிதழ் தேடுவதாகவும் ஆகிவிடக் கூடாது. "நாங்கள் குடிக்க மாட்டோம், திருட மாட்டோம், உழைத்துச் சாப்பிடுகிறோம்" என்று ஒருவர் கேமரா முன் உறுதிமொழி எடுக்கும்போது, அப்படி உறுதி தராதவர்கள் மேல் சந்தேகம் சரிதான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிறது. மருத்துவர்களும் முதல் மதிப்பெண் மாணவர்களுமாகத் தேர்ந்தெடுத்து அகதிகளைக் காட்டும் உலகளாவிய பிரசாரங்களிலும் இதே சிக்கல் உண்டு. சராசரி மனிதருக்கும் உயிரோடு இருக்க உரிமை உண்டு, சராசரியாகவே காட்டுங்கள்.

சின்னப் பொய்யின் விலை

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் சொன்னார்கள். சில நாட்களில், அவர்கள் வந்த கப்பல் கிளம்பியது மேற்கு ஜெர்மனியிலிருந்து என்று தெரிந்தது. அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்பது புரிந்துகொள்ளக்கூடியது: ஏஜென்ட் மேல் இருந்த பயம், ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். இலங்கையில் தமிழர்கள் மேல் 1983இல் நடந்த கறுப்பு ஜூலை வன்முறையும் அதன் பின்னான போரும் அப்பட்டமான உண்மை. ஆனால் கிளம்பிய துறைமுகத்தைப் பற்றிய அந்த ஒரு பொய் வெளிவந்ததும், பேச்சு முழுவதும் போரிலிருந்து துறைமுகத்துக்கு மாறியது. நேற்று வரை போர்வை கொண்டுவந்து கொடுத்த நாட்டில் "ஏமாற்றுக்காரர்கள்" என்ற சொல் எழுந்தது. அன்றைய கனடா அரசு அவர்களைத் திருப்பி அனுப்பாமல் தங்க அனுமதித்தது. 2016இல் டால்டனும் அவர்களில் சிலரும் மீண்டும் சந்தித்துக் கொண்டாடினார்கள். இடைப்பட்ட அந்தக் கசப்பு தவிர்த்திருக்கக் கூடியது.

பயிற்சியில் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் விதி எளியது. சொல்லக் கூடாததைச் சொல்லாமல் விடலாம். மாற்றிச் சொல்லக் கூடாது. பெயரை மறைக்க வேண்டுமானால் "பெயரைச் சொல்லவில்லை" என்றே எழுத்தில் போடுங்கள். புனைபெயரை உண்மைப் பெயர் போலப் போடாதீர்கள். வருடம் நினைவில்லை என்றால் "மழைக் காலம்" போதும். பழைய காட்சியை மறுபடி நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நடிப்பு ஒன்று வெளியே தெரிந்தால் மற்ற இருபது உண்மைக் காணொளிகளும் அதோடு போகும். பாட்னா வாடகை வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. படம் மங்கலாக இருந்தால் பொறுப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் தள்ளிவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகில் வேண்டாம். கேமரா முன் நாக்கு ஒட்டிக்கொள்பவரிடம் குரலை மட்டும் பதிந்து, அவர் போனில் இருக்கும் படங்களை அதன்மேல் வையுங்கள்: அறை, சாப்பாட்டுத் தட்டு, ரயில் டிக்கெட். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸுக்கு நெட்டுவாக்கில், ஒரு நிமிடத்துக்குள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். சோக வயலின் நுழைந்த உடனே அது விளம்பரமாகிவிடுகிறது. தமிழர்களுக்கு அனுப்பும் பிரதியில் குரலை மாற்றிப் பேசாமல், கீழே தமிழ் எழுத்து ஓடவிடுங்கள். அந்த மொழிபெயர்ப்பை அவர் மொழியும் தமிழும் தெரிந்த இன்னொரு தொழிலாளி பார்த்துச் சரிசொல்ல வேண்டும்.

கருவி போதவில்லை என்று யாராவது குறைபட்டால் பெஹ்ரூஸ் பூச்சானியைச் சொல்லுங்கள். ஈரானிலிருந்து வந்த குர்து இதழாளர். ஆஸ்திரேலிய அரசு அவரைப் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் அடைத்து வைத்திருந்தது. ஒளித்து வைத்த கைப்பேசியில் வாட்ஸ்ஆப் செய்திகளாகத் தட்டித் தட்டி அவர் அனுப்பியவை புத்தகமாயின. 2019இல் அதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா இலக்கியப் பரிசு கிடைத்தது. பரிசு வாங்க அவரால் அந்த நாட்டுக்குள் நுழைய முடியவில்லை.

யாருக்கு ஆபத்து

வடமாநிலத் தொழிலாளிக்கும் அகதிக்கும் ஆபத்து ஒன்றல்ல. தொழிலாளி இந்தியக் குடிமகன். காணொளியால் அவர் இழக்கக்கூடியது வேலை, அறை, மன அமைதி. அகதி இழக்கக்கூடியது தங்கும் உரிமையே. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு என்பதை மறக்க வேண்டாம்.

தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு 2021இல் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாறியது. ஆனால் வெளியாள் உள்ளே போகவும் படமெடுக்கவும் இன்றும் அனுமதி வேண்டும். காவல் துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவின் கண்ணும் உண்டு. முகாமுக்கு வெளியே, அவர்கள் பெயிண்ட் வேலைக்குப் போகும் இடத்திலோ நண்பர் வீட்டிலோ பதிவதே உத்தமம். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் புகலிடம் கேட்டு வழக்கு முடியாமல் இருப்பவர் எதைப் பதிந்தாலும் முதலில் அவருடைய வழக்கறிஞர் பார்க்க வேண்டும். நேர்காணலில் சொன்ன மாதமும் காணொளியில் சொன்ன மாதமும் வேறாக இருந்தால், அந்த வேறுபாடு அவருக்கு எதிராக நிற்கும். ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக் கதவு தட்டப்படுமா என்ற கேள்வியை அவரிடமே கேளுங்கள். உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தொழில்நுட்ப விவரம் ஒன்று. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது எடுத்த இடம் பற்றிய குறிப்பு நீங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் தங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கேமராவின் லொக்கேஷனை அணைத்துவிட்டே பதிவைத் தொடங்குங்கள்.

குழந்தைகளைப் பற்றி எனக்குத் தீர்ந்த முடிவு இல்லை. ஆஸ்திரேலியாவின் பிலோயெலா ஊரில் வாழ்ந்த, புகலிடம் கேட்ட ஈழத் தமிழர்களான பிரியா, நடேசலிங்கம் தம்பதியையும் அந்த நாட்டிலேயே பிறந்த இரு பெண் குழந்தைகளையும் 2018இல் அதிகாரிகள் விடியற்காலையில் தடுப்புக் காவலுக்கு அழைத்துப் போனார்கள். அன்றைய அமைச்சர் பீட்டர் டட்டன் அந்தக் குழந்தைகளை, தங்குவதற்கான நங்கூரம் என்ற பொருளில் இழிவாகக் குறிப்பிட்டார். அதற்கு எதிராக நின்றது அந்தச் சிற்றூர். அண்டை வீட்டார் தொடங்கிய இயக்கம், தாங்கள் அறிந்த குடும்பத்தைப் பற்றி விடாமல் பேசியது. 2021 ஜூனில், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த மூன்று வயதுத் தங்கையை அக்கா முத்தமிடும் படம் வெளிவந்தபோது நாடே அசைந்தது. 2022இல் குடும்பம் ஊர் திரும்பியது, நிரந்தர விசாவும் கிடைத்தது. அந்தப் படம் இல்லாமல் இது நடந்திருக்குமா தெரியாது. அதே நேரம், நோயுற்ற குழந்தையால் அனுமதி தர முடியாது என்பதும் உண்மை. நம் குழுவுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் கடுமையானது: குழந்தையின் முகம் வேண்டாம், குரலும் கையும் போதும். வேறு வழியே இல்லாத குடும்பம் ஒன்று தானாக முடிவெடுத்தால் அதைத் தடுக்க நாம் யார் என்றும் தோன்றுகிறது.

இருப்பு

2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பற்றிய விவரம் வருவதற்குள், படகில் வந்த புகலிடம் கோருபவர் என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பரவியது. மறுநாள் மாலையே அங்கு மசூதியைக் கும்பல் தாக்கியது. ஒரு வாரத்துக்குள் ராதரமில் புகலிடம் கோருபவர்கள் தங்கியிருந்த விடுதியைத் தாக்கித் தீவைக்க முயன்றார்கள். கொலையாளி கார்டிஃபில் பிறந்த 17 வயது இளைஞன். சரியான தகவல் வந்தபோது கும்பல் ஏற்கெனவே தெருவில் இருந்தது.

அப்படிப்பட்ட நாளில் கதை வட்டம் கூட்ட முடியாது. அதனால்தான் இருப்பு. ஒரு பகுதியில் பத்துப் பன்னிரண்டு கதைகள், பேசியவர்களின் சம்மதத்தோடு, மொழிவாரியாக, ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவற்றை மூடி வைத்திருப்பதிலும் பயனில்லை. சாதாரண வாரங்களில் ஒன்றொன்றாக ஸ்டேட்டஸில், ஊர் குரூப்பில், தெரு குரூப்பில் போய்க்கொண்டிருக்கட்டும். தீபாவளி போனஸ் வந்த வாரம், முதல் தமிழ்ப் படம் பார்த்த கதை, மழையில் அறை ஒழுகிய கதை. வாரம் தோறும் பார்த்த முகம் வதந்தி நாளில் பேசினால் எடுபடும். அன்றைக்கு மட்டும் தோன்றும் முகத்தையும் "இவர்களும் செட்டப்தான்" என்பார்கள்.

வதந்தி நாளின் வேலை மூன்றே. வந்த காணொளியைச் சரிபார்ப்பவருக்கு அனுப்புதல். ஏற்கெனவே பேசியவர்களைக் கூப்பிட்டு, விருப்பம் இருந்தால், அன்றைய தேதி சொல்லி அரை நிமிடம் பேசச் சொல்லுதல்: இன்று எங்கே இருக்கிறேன், என்ன சாப்பிட்டேன், வேலைக்குப் போனேனா. பொய்யைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். சொல்லியே ஆக வேண்டுமென்றால் உண்மையை முதலில் சொல்லி, பொய்யை ஒரு வரியில் தொட்டு, மீண்டும் உண்மைக்கு வரட்டும். மூன்றாவது, அந்தப் பகுதி காவல் நிலையத்துக்கும் தொழிலாளர் உதவி எண்ணுக்கும் நிலவரத்தைச் சொல்லுதல். உண்மையிலேயே தாக்குதல் நடந்திருந்தால் அன்றைக்குக் கதை வேண்டாம். பாதுகாப்பும் வழக்கும்தான் வேலை. "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்ற காணொளியை அந்த நாளில் வெளியிடும் குழுவை அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

காணொளியின் கீழ் வசவு வரும். அதைப் படிப்பது பேசியவரின் பொறுப்பு அல்ல, குழுவின் பொறுப்பு. மிரட்டல் இருந்தால் நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, சம்மதம். காகிதத்தில் வாங்கும் கையெழுத்து உங்களைக் காப்பாற்றும், அவரை அல்ல. பதிவுக்கு முன்பே அவர் மொழியில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எப்போது கேட்டாலும் எங்கள் பக்கங்களிலிருந்து எடுத்துவிடுவோம், ஆனால் ஃபார்வேர்டு ஆகிப் போன பிரதிகளை எங்களால் திரும்ப வாங்க முடியாது. இதைக் கேட்டுச் சிலர் எழுந்து போவார்கள், போகட்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் ஊரிலிருந்து கூப்பிட்டு, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அந்தக் காணொளி வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் அன்றைக்கே நீக்கிவிட்டு, நீக்கியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.